எண்பது ஆண்டுக் கோடு: லீஸ்ஹோல்ட் ஃபிளாட் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (நிலம் வேறொருவரிடம் இருக்க, குறித்த ஆண்டுகளுக்குக் குத்தகையாக வாங்கிய ஃபிளாட்) வைத்திருப்பவர்கள் எழுதியவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கீழே சொல்லப்படும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே உரியது. ஸ்காட்லாந்தில் ஃபிளாட்டுகளை இப்படிக் குத்தகைக்கு விற்கும் வழக்கம் ஏறக்குறைய இல்லை என்பதால், கிளாஸ்கோவிலிருந்து எழுதிய வாசகர் நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: நானும் என் மனைவியும் 2009-இல் ஈஸ்ட் ஹாமில், முன்பு கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) சொந்தமாக இருந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். எங்களுக்கு விற்றவர் அதை 1998-இல் நேரடியாகக் கவுன்சிலிடமிருந்து வாங்கியவர். கவுன்சில் குத்தகை என்றால் 125 ஆண்டு என்று எல்லோரும் சொல்வதால், 2123 வரை கவலை இல்லை என்று இருந்துவிட்டோம். இப்போது மோர்ட்கேஜை வேறு வங்கிக்கு மாற்றப் போன இடத்தில், குத்தகையில் இன்னும் 81 ஆண்டுகளே மீதம் என்று வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார். இது எப்படி நேர்ந்தது? 990 ஆண்டு கொடுக்கும் புதிய சட்டம் வந்துவிட்டது, அதுவரை பொறுத்திருங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பொறுத்திருக்கலாமா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: மதிப்பீட்டாளர் தவறு செய்யவில்லை. நீங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த நிலப் பதிவேட்டு நகலின் முதல் பக்கத்தில், குத்தகையின் விவரம் தரப்பட்டுள்ள இடத்தைப் பாருங்கள். குத்தகை எழுதப்பட்ட தேதி 1998 நவம்பர் 9 என்றும், காலம் அன்று தொடங்கி 2107 மார்ச் 24-இல் முடிகிறது என்றும் இரண்டே வரிகளில் தெளிவாக இருக்கிறது. வாங்கும்போது அந்த இரண்டு வரிகளையும் யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தால், பதினாறு பதினேழு ஆண்டுகள் இந்தத் தவறான கணக்கோடு நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

காரணம் இதுதான். 1980-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், கவுன்சில் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அவற்றை வாங்கும் உரிமையைக் கொடுத்தது. ஃபிளாட் என்றால் பொதுவாக 125 ஆண்டுக் குத்தகையும், ஆண்டுக்கு 10 பவுண்டு நில வாடகையும் என்பது வழக்கம். ஆனால் அதே கட்டடத்தில் ஒரு ஃபிளாட் ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தால், பின்னால் விற்கப்படும் ஃபிளாட்டுகளின் குத்தகையையும் அந்த முதல் குத்தகை முடியும் நாளிலேயே முடித்துக்கொள்ளச் சட்டம் கவுன்சிலுக்கு இடம் கொடுத்தது. உங்கள் கட்டடத்தில் முதல் ஃபிளாட்டின் குத்தகை 1982 மார்ச் 25-இல் தொடங்கியிருக்க வேண்டும். அந்த 125 ஆண்டுதான் 2107-இல் முடிகிறது. உங்களுக்கு விற்றவர் பதினாறு ஆண்டுகள் கழித்து வாங்கியபோது, அவருக்குக் கிடைத்தது எஞ்சியிருந்த காலம் மட்டுமே. முன்னாள் கவுன்சில் ஃபிளாட் வைத்திருக்கும் நம்மவர்கள் பலரும் இந்தத் தவறான கணக்கைப் போடுகிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் 7 பவுண்டு கட்டி உங்கள் பதிவேட்டை இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனை முகவரின் விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

இனி, பொறுத்திருக்கலாமா என்ற கேள்வி. உங்கள் நிலையில் பொறுத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1993-ஆம் ஆண்டின் சட்டப்படி, 21 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதப்பட்ட குத்தகையை உடைய ஃபிளாட் உரிமையாளர், எஞ்சிய காலத்தோடு 90 ஆண்டுகளைக் கூட்டி ஒரு புதிய குத்தகையைக் கேட்டுப் பெறலாம். நில உரிமையாளர் விரும்பாவிட்டாலும், தகுதி சரியாக இருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும். புதிய குத்தகையில் நில வாடகை ஒரு மிளகாகக் குறைந்துவிடும். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆங்கிலச் சட்ட வழக்கில் 'ஒரு மிளகு' என்றால் வாடகையே இல்லை என்று பொருள். வந்து மிளகைக் கேட்டு வாங்கிப் போன நில உரிமையாளரை இதுவரை நான் பார்த்ததில்லை.

இதற்கு நீங்கள் கட்டும் தொகைக்குப் பெயர் பிரீமியம். அது மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, நில உரிமையாளர் இனி இழக்கப்போகும் நில வாடகையின் இன்றைய மதிப்பு; உங்களுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டுதான் என்பதால் இது ஏறத்தாழ 140 பவுண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டாவது, 2107-இல் ஃபிளாட் தன் கைக்குத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பை அவர் மேலும் 90 ஆண்டு தள்ளிப்போடுவதற்கான ஈடு. ஸ்போர்டெல்லி வழக்கில் 2006-இல் நிலத் தீர்ப்பாயம் ஃபிளாட்டுகளுக்கு நிர்ணயித்த 5 விழுக்காட்டு வீதத்தைக் கொண்டே இன்றும் இது பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. மூன்றாவதுதான் 'மேரேஜ் வேல்யூ' எனப்படுவது. குத்தகை நீள்வதால் ஃபிளாட்டின் விலை ஏறுகிறது அல்லவா, அந்த ஏற்றத்தின் ஆதாயத்தில் சரிபாதியை நில உரிமையாளருக்குத் தர வேண்டும் என்பது விதி. பெயரில் கல்யாணம் இருந்தாலும், இதில் மொய் எழுதுவது ஒரு தரப்பு மட்டுமே.

இந்த மூன்றாவது கூறு, எஞ்சிய காலம் 80 ஆண்டுக்கு மேல் இருக்கும்வரை கணக்கிலேயே வராது. 80 ஆண்டோ அதற்குக் கீழோ ஆனவுடன் வந்துவிடும். உங்கள் ஃபிளாட் குத்தகை நீட்டிக்கப்பட்டபின் 3,50,000 பவுண்டு பெறும் என்று வைத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்த தோராயமான கணக்கு இது. 81 ஆண்டு எஞ்சியிருக்கும் இன்று பிரீமியம் ஏறத்தாழ 6,850 பவுண்டு. அதே ஃபிளாட்டுக்கு 79 ஆண்டு எஞ்சியிருக்கும்போது முதல் இரண்டு கூறுகளும் சேர்ந்து 7,540 பவுண்டுதான் ஆகும். ஆனால் மேரேஜ் வேல்யூவில் பாதியாக இன்னொரு 6,850 பவுண்டு சேர்ந்து, மொத்தம் 14,400 பவுண்டை நெருங்கிவிடும். 79 ஆண்டுக் குத்தகையுள்ள ஃபிளாட்டின் விலையை ஃப்ரீஹோல்ட் விலையில் (குத்தகைக் கெடு இல்லாமல் முழு உரிமையாக இருந்தால் பெறும் விலையில்) 93 விழுக்காடு என்று நான் கொண்டதால் வந்த எண் இது. இந்த விழுக்காட்டைப் பற்றித்தான் இரு தரப்பு சர்வேயர்களும் மல்லுக்கட்டுவார்கள் என்பதால் தொகை கூடவோ குறையவோ செய்யலாம், ஆனால் கோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள பள்ளம் மறையாது.

நண்பர்கள் சொல்லும் புதிய சட்டம் 2024 மே 24-இல் அரச ஒப்புதல் பெற்றது உண்மைதான். 90 ஆண்டுக்குப் பதிலாக 990 ஆண்டு, மேரேஜ் வேல்யூ ஒழிப்பு, நில உரிமையாளரின் சட்டச் செலவைப் பொதுவாக நாம் சுமக்க வேண்டியதில்லை என்ற மாற்றம் எல்லாம் அதில் இருக்கின்றன. நில உரிமையாளர்கள் சிலர் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடியும் செய்தது. ஆயினும் ஒரு சட்டம் ஒப்புதல் பெறுவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. இந்த மூன்று மாற்றங்களும் நான் இதை எழுதும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. பிரீமியத்தைக் கணக்கிட அரசு அறிவிக்க வேண்டிய வீதங்களும் அறிவிக்கப்படவில்லை.

உங்கள் கோடு 2027 மார்ச் 24-இல் விழுகிறது. அதற்குள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தால், பொறுத்திருந்ததால் நீங்கள் சம்பாதிப்பது 171 ஆண்டுக்குப் பதில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டும், எதிர்த்தரப்புச் செலவில் மிச்சமும். வராவிட்டால் இழப்பது, மேலே காட்டியபடி, ஏழாயிரம் பவுண்டுக்கு அருகில். உங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் 171 ஆண்டு போதும் என்பதால், இது ஆடத் தகுந்த ஆட்டமாக எனக்குத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது: குத்தகை நீட்டிப்பில் பழக்கமுள்ள, ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பு) பதிவு பெற்ற சர்வேயர் ஒருவரைக் கொண்டு மதிப்பீடு எடுங்கள். உங்கள் சொந்தச் செலவில் நீங்கள் செய்த மேம்பாடுகளால் கூடிய விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதால், அடுக்களையை மாற்றிக் கட்டிய ரசீதுகளை அவரிடம் மறக்காமல் காட்டுங்கள். பிறகு சொலிசிட்டர் மூலம் 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவின்கீழ் கவுன்சிலுக்கு அறிவிப்புக் கொடுங்கள். அறிவிப்புக் கொடுக்கப்படும் நாள்தான் மதிப்பீட்டு நாள். பேச்சுவார்த்தை அதன்பின் ஓராண்டு இழுத்தாலும் நீங்கள் கோட்டின் நல்ல பக்கத்திலேயே நிற்பீர்கள். அந்த நாளை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். அறிவிப்பில் ஒரு பிழை நேர்ந்து மறுபடி கொடுக்க வேண்டி வந்தால் அதற்கும் நேரம் வேண்டும். அறிவிப்புப் பெற்ற நில உரிமையாளர், நீங்கள் குறிப்பிட்ட பிரீமியத்தில் 10 விழுக்காடு அல்லது 250 பவுண்டு, இவற்றில் எது அதிகமோ அதை முன்பணமாகக் கேட்கலாம். அவருடைய நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் இப்போதைய விதிப்படி உங்கள் தலையில்தான் விழும் என்பதையும் வரவுசெலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவர் டூட்டிங்கில் வைத்திருந்த ஃபிளாட் எனக்கு வந்திருக்கிறது. அதன் குத்தகையில் 64 ஆண்டுதான் எஞ்சியுள்ளது. நில வாடகை ஆண்டுக்கு 150 பவுண்டு. விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று முடிவு செய்யவில்லை. இரண்டு ஆண்டு என் பெயரில் இருந்தால்தான் நீட்டிக்க முடியும் என்கிறார்களே? (டூட்டிங் வாசகி)

பதில்: அந்த இரண்டு ஆண்டு விதி 2025 ஜனவரி 31-இலிருந்து இல்லை. 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. ஃபிளாட் உங்கள் பெயரில் பதிவான மறுநாளே நீங்கள் அறிவிப்புக் கொடுக்கலாம்.

ஆனால் மேலே ஈஸ்ட் ஹாம் வாசகருக்குப் 'பொறுக்காதீர்கள்' என்று சொன்ன அதே நான், உங்களுக்கு அப்படியே சொல்லமாட்டேன். நீங்கள் ஏற்கெனவே கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறீர்கள். நீட்டிக்கப்பட்டபின் 3,00,000 பவுண்டு பெறக்கூடிய ஃபிளாட் என்றும், இப்போதைய குத்தகையோடு அதன் விலை ஃப்ரீஹோல்ட் விலையில் 84 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், பிரீமியம் ஏறத்தாழ 30,400 பவுண்டு வருகிறது. அதில் சரிபாதி, அதாவது 15,000 பவுண்டுக்கு மேல், மேரேஜ் வேல்யூ மட்டுமே. அந்தப் பாதியைத்தான் புதிய சட்டம் நீக்கப்போகிறது. ஆகவே கடன் எதுவும் இல்லாமல், ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு வைத்திருக்க முடிந்தால், காத்திருப்பதில் உங்களுக்குப் பொருளுண்டு. ஒவ்வோர் ஆண்டும் மற்ற இரண்டு கூறுகள் சில நூறு பவுண்டு ஏறுவதையும், மேரேஜ் வேல்யூவும் கூடவே வளர்வதையும் அதற்குக் கொடுக்கும் விலையாகக் கருதிக்கொள்ளுங்கள்.

விற்பதுதான் எண்ணம் என்றால் கதை வேறு. 70 ஆண்டுக்குக் கீழே போன குத்தகைக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்குவதால், உங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் ரொக்கத்தோடு வந்து விலையை அடித்துக் கேட்பவர்களாகவே இருப்பார்கள். அப்போது ஒரு நடைமுறை உண்டு. விற்பவர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, ஃபிளாட்டை மாற்றிக் கொடுக்கும் அதே நாளில் அந்த அறிவிப்பின் பயனையும் வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். மதிப்பீட்டு நாள் அப்படியே நிலைத்து நிற்கும், நீட்டிப்பைப் புதியவர் முடித்துக்கொள்வார். இரண்டு ஆவணங்களும் ஒரே நாளில், ஒன்றோடொன்று கைமாற வேண்டும் என்பது இதில் முக்கியம். ஃபிளாட் ஒரு நாளும் அறிவிப்பு இன்னொரு நாளுமாக மாறினால் அறிவிப்புச் செல்லாமல் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஹாரோ ஃபிளாட்டின் நில உரிமையாளரான நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. எங்கள் குத்தகையில் 74 ஆண்டு எஞ்சியுள்ளது. 9,000 பவுண்டு கட்டினால் அதை 99 ஆண்டாக மாற்றித் தருவதாகவும், நில வாடகையை 100 பவுண்டிலிருந்து 250 பவுண்டாக உயர்த்துவதாகவும், இருபத்தொரு நாளுக்குள் சம்மதம் தெரிவித்தால் அவர்களுடைய சட்டச் செலவில் தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். சர்வேயர் சொன்ன தொகையைவிட இது பாதிக்கும் குறைவு. ஒப்புக்கொள்ளலாமா? (ஹாரோ வாசகர்)

பதில்: தொகையை மட்டும் பார்க்கிறீர்கள், அதற்குக் கிடைப்பது என்ன என்பதையும் பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பது 25 ஆண்டு மட்டுமே. சட்டவழியில் போனால் கிடைப்பது 90 ஆண்டு, அதாவது மொத்தம் 164. அந்த 99 ஆண்டுக் குத்தகை இன்னும் பத்தொன்பது ஆண்டில் மறுபடி எண்பதுக்கு வந்து நிற்கும். அப்போது இருக்கும் சட்டத்தின்படி நீங்களோ உங்களிடமிருந்து வாங்கியவரோ மறுபடி சொலிசிட்டர், சர்வேயர், வங்கி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நில வாடகையைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பது இன்னும் விசித்திரம். 2022 ஜூன் 30-இலிருந்து நடைமுறையில் உள்ள நில வாடகைச் சட்டத்தின்படி, இப்படிப் பேசி முடிக்கும் நீட்டிப்பிலும், பழைய குத்தகை முடியும் காலம்வரை பழைய வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அதற்கு அப்பால் கூட்டப்படும் ஆண்டுகளுக்கு ஒரு மிளகுதான். 250 பவுண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. மீறும் நில உரிமையாளருக்குக் குத்தகை ஒன்றுக்கு 500 முதல் 30,000 பவுண்டுவரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த விதியைச் சுட்டிக்காட்டி உங்கள் சொலிசிட்டர் ஒரு பத்தி எழுதினால் போதும், அடுத்த கடிதத்தின் தொனி மாறுவதைக் காண்பீர்கள்.

பேசி முடிப்பது எல்லா நேரத்திலும் தவறு என்று நான் சொல்லவரவில்லை. நில உரிமையாளர் 90 ஆண்டும் மிளகு வாடகையும் நியாயமான தொகையும் தர முன்வந்தால், அது விரைவானது, செலவும் குறைவானது. ஆனால் சட்டவழி அறிவிப்பைப்போல் அது மதிப்பீட்டு நாளை நிலைநிறுத்தாது; கையெழுத்தாகும் நிமிடம்வரை அவர் மனம் மாறலாம், தொகையை ஏற்றலாம், குத்தகையின் மற்ற வாசகங்களுக்குள் புதிய கட்டணங்களைச் செருகலாம். வரைவு வந்ததும் முதல் பக்கத்துத் தொகையோடு நின்றுவிடாமல், பின்னிணைப்புகள்வரை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். இருபத்தொரு நாள் என்ற கெடுவுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. கல்யாணப் புடவைக் கடையின் 'இன்றோடு தள்ளுபடி முடிகிறது' பலகைக்கு என்ன மதிப்போ அதே மதிப்புத்தான்.

கேள்வி: 80 ஆண்டு 2 மாதம் எஞ்சியிருந்தபோது என் சொலிசிட்டர் மூலம் அறிவிப்புக் கொடுத்தேன். நில உரிமையாளர் எதிர் அறிவிப்பில் உரிமையை ஒப்புக்கொண்டு, இரு மடங்குத் தொகை கேட்டார். இரு தரப்பு சர்வேயர்களும் மாதக்கணக்கில் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தொகை நெருங்கிவந்த நிலையில், திடீரென்று உங்கள் அறிவிப்பு காலாவதியாகிவிட்டது என்று எதிர்த்தரப்புக் கடிதம் எழுதியிருக்கிறது. என் சொலிசிட்டர் தொலைபேசியை எடுப்பதில்லை. இப்போது 79 ஆண்டு 4 மாதம்தான் இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்து வருந்தினேன், ஏனென்றால் இதை எழுதும் முதல் ஆள் நீங்கள் அல்ல. எதிர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழிந்தும் தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பம் எதிர் அறிவிப்பு வந்த ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டும். பேச்சு எவ்வளவு நட்போடு நடந்துகொண்டிருந்தாலும் அந்த ஆறு மாதம் நிற்காது. போகாவிட்டால் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். மறுபடி அறிவிப்புக் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட வேண்டும். விவரமறிந்த சொலிசிட்டர்கள், பேச்சு சுமுகமாக இருக்கும்போதே ஐந்தாவது மாதத்தில் விண்ணப்பத்தைத் தீர்ப்பாயத்தில் போட்டுவைத்துவிடுவார்கள். உடன்பாடு வந்தால் அதைத் திரும்பப் பெறுவது எளிது. உடன்பாடு வந்தபின்னும் ஒரு கெடு உண்டு: இரண்டு மாதத்துக்குள் புதிய குத்தகை எழுதப்படாவிட்டால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதையும் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் உங்கள் கோப்பு முழுவதையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அதில் எதிர் அறிவிப்பின் மீதுள்ள தேதியைப் பார்த்து ஆறு மாதத்தை நீங்களே விரல்விட்டு எண்ணுங்கள், ஏனெனில் எதிர்த்தரப்பு எண்ணியதே தவறாகவும் இருக்கலாம். எண்ணிக்கை சரியென்றால், சொலிசிட்டர் அலுவலகத்துக்கு 'முறைப்பாடு' என்ற தலைப்பிட்டே கடிதம் எழுதுங்கள். எட்டு வாரத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் சட்டச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவரிடம் போக ஓராண்டுக் கெடு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் நீங்கள் இப்போது புதிதாகக் கட்ட நேரும் மேரேஜ் வேல்யூவும், எதிர்த்தரப்புச் செலவும் பெருந்தொகை என்பதால், தொழில்முறைக் கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வழக்கே உங்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. சொலிசிட்டர்கள் இதற்கெனக் காப்புறுதி வைத்திருக்கக் கட்டாயம் உண்டு. அவருக்குத் தொடர்பே இல்லாத வேறோர் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். அதற்குமுன் குறைதீர்ப்புக் கடிதம் எதிலும் 'இத்தோடு முடித்துக்கொள்கிறேன்' என்ற பொருளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தெரிந்தவர், கோயிலில் பார்ப்பவர், நம் ஊர்க்காரர் என்பதால் கேட்கத் தயங்குகிறேன் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் இழப்பைக் கட்டப்போவது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே அன்றி அவருடைய சட்டைப்பை அல்ல.

கேள்வி: ஓய்வு பெற்றபின் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். வெம்பிளியில் உள்ள என் ஃபிளாட் வாடகையில் இருக்கிறது. அங்கே குடியிருக்காத நான் குத்தகையை நீட்டிக்க முடியுமா? இங்கே ஃபிளாட் வாங்கினால் நிலத்தில் பங்கு வருகிறதே, அங்கே ஏன் வருவதில்லை? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: முடியும், அங்கே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முன்பு 42-ஆம் பிரிவு அறிவிப்பில் குத்தகைதாரரே நேரில் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பின் உங்கள் சார்பில் சொலிசிட்டரே இடலாம். கடைசியில் புதிய குத்தகைப் பத்திரத்தில் மட்டும் சாட்சியோடு நீங்கள் கையெழுத்திட வேண்டும், அல்லது முறையான பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்க வேண்டும். கூரியரில் போய்வரும் நாட்களை மேலே சொன்ன இரண்டு மாதக் கெடுவுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள்.

சென்னையில் உங்கள் பத்திரத்தில் யூடிஎஸ் என்று சதுர அடிக் கணக்கில் எழுதியிருக்கிறார்களே, அந்தப் பிரிக்கப்படாத நிலப் பங்கு இங்கிலாந்தின் வழக்கமான ஃபிளாட் விற்பனையில் இல்லை. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டரிடமே நிற்கும். நீங்கள் வாங்குவது சுவர்களுக்கு நடுவே குறித்த ஆண்டுகள் இருக்கும் உரிமை. சென்னையில் கட்டடம் பழசானாலும் நிலம் பேசும். வெம்பிளியில் ஆண்டுகள் கரைந்தால் பேசுவதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: குரோய்டனில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக் கட்டிய மூன்று ஃபிளாட்டுகளில் ஒன்று எங்களுடையது. ஃப்ரீஹோல்டும் எங்கள் மூன்று குடும்பங்களின் பெயரில்தான் இருக்கிறது. ஆகவே குத்தகையில் 71 ஆண்டே இருப்பது எங்களைப் பாதிக்காது அல்லவா? (குரோய்டன் வாசகர்)

பதில்: பாதிக்கும். ஃப்ரீஹோல்டில் பங்கு இருந்தாலும் வங்கியும் வாங்குபவரும் பார்ப்பது உங்கள் ஃபிளாட்டின் குத்தகையைத்தான். அது தானாக நீளாது. ஆனால் உங்களுக்கு இது மலிவான வேலை. மூன்று குடும்பங்களும் ஒருவருக்கொருவர் பிரீமியம் வாங்காமல் 999 ஆண்டுக் குத்தகையாக மாற்றிக்கொள்ளலாம். செலவு சொலிசிட்டருக்கும் பதிவுக்கும் மட்டுமே. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். ஒருவர் இப்போது செய்து, மற்றவர் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டால், இடையில் யாராவது ஃபிளாட்டை விற்று, வந்த புதியவர் கையெழுத்துக்குப் பணம் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ஃபிளாட்டின் மீது கடன் இருப்பவர்கள் முன்கூட்டியே வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும், ஏனெனில் பழைய குத்தகை ஒழிந்து புதியது பிறப்பதால் அதன் மீதிருந்த அடமானத்தைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருக்கும். மேல்மாடிக்காரர் ஒத்துவரமாட்டார் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மேலே சொன்ன 42-ஆம் பிரிவு அறிவிப்பு உங்களுக்கும் உரியதே. அந்த அறிவிப்பில் ஃப்ரீஹோல்டர்களாக நீங்கள் மூவரின் பெயரும் இருக்க வேண்டும், உங்கள் சொந்தப் பெயர் உட்பட.